நுளம்பின் கையொப்பம்

துவாரகனுக்கு உழவு மெசின் ஓட்டத் தெரியும். அது வயல் நடுவில் மூச்சடைத்து நின்றால் வயிற்றைப் பிரித்துப் பூட்டவும் தெரியும். வரம்பில் யானை நின்றால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது. தம்பலகாமத்தில் இதை யாரும் பெரிய குறையாக எடுத்ததில்லை. அவன் வந்து குந்தினால் தேநீர்க் கடையில் நாலு பிளேன்டி கூடுதலாகப் போகும் என்பதால் கடைக்காரருக்கு அதில் சந்தோசமும்கூட. அந்த வாய் ஒருநாள் அரசாங்கக் காகிதக் கோவை ஒன்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டது?

அது நடந்தது ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் கிளினிக்கில். மகள் யதுசிக்கு ஒரு வயது முடிந்திருந்தது. ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் ஊசி. மற்ற ஊசிகளுக்கெல்லாம் நாளைக்குப் போவோம், நாளையிண்டைக்குப் போவோம் என்று இருந்த அவன் மனைவி பிரியதர்சினி, இந்த ஊசிக்கு மட்டும் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அவளுடைய அக்காவின் மகன் ஒரு மாரியில் அந்தக் காய்ச்சலில் விழுந்து எழும்பியவன். இப்போது எட்டு வயது. சட்டைப் பொத்தான் பூட்ட இன்னும் ஓர் ஆள் வேண்டும். மழை இறங்கி வயலில் தண்ணீர் கட்டினால் நுளம்பு பெருகும். அதற்கு முன்னால் ஊசி ஏறிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஊசி போடுகிறவர் குடும்பநல உத்தியோகத்தர் கமலாதேவி. ஊரில் 'மிஸ்' என்றால் அவர்தான். இருபத்தேழு வருடச் சேவையில் ஒரு படிவத்திலும் ஒரு நிரலையும் வெறுமையாக விட்டதில்லை என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்த வாரம் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. இருபத்திரண்டு நிரல். 'பெற்றோர் கூறுவதைக் கூறியவாறே பதிக' என்று தலையில் தடித்த எழுத்து.

"பதினாலாவது," என்று மிஸ் வாசித்தார். "'இத்தடுப்பூசியைப் பிள்ளை வேறு வழிமூலம் ஏற்கெனவே பெற்றிருக்க வாய்ப்புண்டா?'"

தனியார் ஆஸ்பத்திரியில் எங்காவது போட்டுவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. அது துவாரகனுக்கும் விளங்கியது. ஆனால் பக்கத்து மர வாங்கில் பக்கத்து வீட்டு ஜெமீல் மகள் அப்ராவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அப்ராவுக்கு இதே ஊசி போன கிளினிக்கில் போட்டாயிற்று. இன்று நிறை பார்க்க வந்தவர்கள். கேட்க ஆள் இருந்தால் துவாரகனின் வாய் சும்மா இராது.

"ஓம் மிஸ், வாய்ப்பிருக்கு. இவன்ட மகளுக்குப் போனமுறை போட்டனீங்கள்தானே? அங்க குடிச்ச நுளம்பு வேலிக்கு மேலால வந்து எங்கட வீட்டிலதான் வாய் துடைக்குது. துடைக்கேக்க இவளுக்கும் ஒரு சொட்டுப் போட்டிருக்கும்."

வாங்கு முழுவதும் சிரித்தது. ஜெமீல் தொடையில் தட்டிச் சிரித்தான். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரியதர்சினி. மற்றவர் மிஸ், அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"மிஸ்... நான் பகிடிக்குச் சொன்னனான்."

"விளங்குது தம்பி. ஆனா நான் எழுதிப்போட்டன்."

"வெட்டி விடுங்கோவன்."

"வெட்டினா, ஏன் வெட்டினது எண்டு காரணம் எழுதோணும். காரணம் எழுத இதில நிரல் இல்லை."

அவர் படிவத்தின் அடியைக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது: 'பதினான்காம் நிரலில் ஆம் எனப் பதியப்படின், மாவட்ட அலகின் அனுமதி கிடைக்கும்வரை ஊசி போடலாகாது.' ஊசி மருந்து குளிர்ப்பெட்டிக்குத் திரும்பிப் போனது. யதுசி ஒன்றும் தெரியாமல் ஜெமீலைப் பார்த்துக் கை தட்டினாள்.

வீட்டுப் படலையைத் திறந்ததும் பிரியதர்சினி தொடங்கினாள்.

"அந்தப் பகிடியை நீங்களே போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. பிள்ளைக்கு ஊசி ஏறும்வரை இந்த வீட்டில உங்களோட கதையும் இல்லை, உங்களுக்குப் பிளேன்டியும் இல்லை."

அடுத்த நாள் துவாரகன் பஸ் ஏறினான். கப்பல்துறை ஊர் தாண்டும்வரைக்கும் என்ன சொல்வதென்று மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தான்: 'ஐயா, அது பகிடி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.' இரண்டு வசனம். பத்து நிமிட வேலை.

'நுளம்புவழித் தடுப்பூசிப் பரவல் கண்காணிப்பு, மேற்பார்வை மற்றும் ஒருங்கிணைப்பு அலகு' திருகோணமலை நகரத்தில் துறைமுகம் தெரிகிற ஒரு மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை மாடத்தைவிட நீளமாகிவிட்டதால் மூலையில் மடித்துப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கடற்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 'மற்றும் ஒருங்கிணைப்பு அலகு' என்பது மட்டும் தெரியும். அதுவே போதுமானதாகத்தான் இருந்தது.

துவாரகன் கதவைத் தள்ளியதும் பதினொரு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் வந்த காரணத்தைச் சொன்னதும் பதினொரு பேரும் எழும்பி நின்றார்கள். ஒருவர் கதிரையைத் துடைத்தார். ஒருவர் மின்விசிறியைத் திருப்பினார். இன்னொருவர் உள்ளே ஓடினார்.

"அலகு தொடங்கி ஒன்றரை வருசம்," என்றார் கதிரை துடைத்தவர், தழுதழுத்த குரலில். "நீங்கள்தான் முதலாவது ஆள்."

ஒருங்கிணைப்புப் பணிப்பாளர் கனகசுந்தரம் தாமே எழுந்து வந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"ஐயா, அது பகிடி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தம்பி, பகிடி எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள். பகிடியா இல்லையா எண்டு தீர்மானிக்கிறதுக்குத்தான் எங்களை வைச்சிருக்கு. எல்லாரும் தாங்களே தீர்மானிக்க வெளிக்கிட்டா இவ்வளவு பேரும் வீட்டை போகவேண்டியதுதான்."

"இல்லை ஐயா, பிள்ளைக்கு ஊசி போடோணும். மழை வரப்போகுது."

"அதைத்தான் நானும் சொல்லுறன். இந்த ஊசியில இருக்கிறது உயிருள்ள வைரசு. வலுக்குறைச்சது, எண்டாலும் உயிருள்ளது. உயிருள்ளது எங்கையும் போகும். உங்கட பிள்ளைக்கு நுளம்பு ஒருக்காப் போட்டு, மிஸ் ஒருக்காப் போட்டா எத்தனை?"

"இரண்டு."

"சுற்றுநிருபத்தில ஒண்டு எண்டுதான் இருக்கு," என்றார் கனகசுந்தரம். கணக்கு அத்துடன் முடிந்தது.

நுளம்பு அந்த இடத்தைச் சேர்ந்ததுதானா என்று கிராம உத்தியோகத்தரான விதானையாரிடம் உறுதிக்கடிதம் வாங்கிவரும்படி சொல்லி அனுப்பினார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். துவாரகனுக்கு அது பயத்தைத்தான் கூட்டியது.

விதானையார் லாபிரிடம் எல்லாத் தேவைக்கும் ஒரே அச்சுப் படிவந்தான். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு காலமாப் பழக்கம்?"

"ஆரோட?"

"நுளம்போட."

"நான் பிறந்ததில இருந்து, விதானையார்."

"நல்லது." அவர் எழுதினார். 'மேற்படி நுளம்பு எனது பிரிவில் நிரந்தரமாக வசிப்பதையும், விண்ணப்பதாரருக்குப் பிறப்பு முதல் அறிமுகமானது என்பதையும் உறுதிப்படுத்துகிறேன். அதன் நன்னடத்தை பற்றிச் சான்றளிக்க முடியாதுள்ளது.' கடைசி வரியை எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, "பொய் எழுத ஏலாதுதானே," என்றார்.

கடிதம் போய் ஆறாம் நாள் கள ஆய்வு வந்தது. இரண்டு வாகனம், ஒன்பது உத்தியோகத்தர், ஒரு அளவுநாடா, ஆறு வலை, மூடியில் துளை போட்ட பன்னிரண்டு போத்தல். காலை பத்து மணி. துவாரகன் வீட்டுக்கும் ஜெமீல் வீட்டுக்கும் இடையே நாடா பிடித்தார்கள். பதினொரு மீற்றர் நாற்பது. நுளம்பு வேலிக்கு மேலால் வருமா, வேலியில் உள்ள ஓட்டைப் பொட்டுக்குள்ளால் வருமா என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படாததால் இரண்டு வழியாலும் அளந்து, கூட்டி, இரண்டால் பிரித்தார்கள்.

"இந்த நுளம்பு உங்கட வீட்டில இருந்து வெளிக்கிடேக்க எந்தப் பக்கமாப் போனது?" என்று ஒருவர் ஜெமீலைக் கேட்டார்.

"மேற்கால போனது சேர். அவசரமாத்தான் போனது. சொல்லிக்கொள்ளவும் இல்லை."

துவாரகன் அவன் காலை மிதித்தான். "மச்சான், உனக்குப் புண்ணியம் கிடைக்கும், வாயைப் பொத்து! எழுதிப்போடுவாங்கள்!"

எழுதிவிட்டார்கள்.

பிறகு நுளம்பு பிடிக்கும் வேலை. பத்து மணியிலிருந்து வலையைத் தூக்கிக்கொண்டு வளவு முழுக்கச் சுற்றினார்கள். வாழையடியில் பார்த்தார்கள். குசினிக்குள் பார்த்தார்கள். அலுமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு நுளம்பு இல்லை.

"சேர், இது பொழுதுபட்டுத்தான் வரும்," என்றான் துவாரகன். "ஆறு மணி மட்டும் நிண்டீங்கள் எண்டா அள்ளிக்கொண்டு போகலாம்."

"எங்களுக்கு நாலேகால் வரைக்குந்தான் கடமை நேரம்."

நாலேகாலுக்கு வாகனங்கள் போயின. ஆறு மணிக்கு நுளம்புகள் வந்தன. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்ததாக ஜெமீலின் மனைவி லைலா வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள். என்ன நடந்தது என்று விசாரிக்க வந்திருக்கலாம் என்பது அவள் அபிப்பிராயம். ஆய்வறிக்கையில் ஒரே வரி: 'நுளம்புகள் ஒத்துழைப்பு வழங்கவில்லை.'

அன்று இரவுச் சாப்பாட்டைப் பிரியதர்சினி மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுளம்பு வலைக்குள் போனாள். வெளியே வானம் தெற்குப் பக்கமாக முழங்கியது. துவாரகன் ஒரு பிடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருந்தான்.

அடுத்தது அலகின் மாநாடு. கடற்கரையோரத்து விடுதியொன்றில், ஒரு சனிக்கிழமை. துவாரகன் 'பயனாளி' என்று அழைக்கப்பட்டு முன்வரிசையில் மாலையோடு இருத்தப்பட்டான். கமலாதேவி மிஸ்ஸும் வந்திருந்தார். முதன்முதல் பதிவுசெய்தவர் என்பதால் அவருக்கும் ஒரு சின்ன மாலை. மேடையில் மங்கள விளக்கு ஏற்றினார்கள். மேசைகளுக்கடியில் நுளம்புத்திரி ஏற்றினார்கள். விருந்தினர் யாருக்கும் தற்செயலாக ஊசி போடப்பட்டுவிடக் கூடாது அல்லவா.

நுளம்பு ஆராய்ச்சி செய்கிற நிரோஜினி என்ற இளம் பெண்ணைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் இரண்டு நிமிடம் பேசினார்.

"உயிருள்ள தடுப்பூசி வைரசை நுளம்பு பரப்புமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டுப் பார்த்தும் இருக்கிறார்கள். இந்த ஊசியைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி போட்ட பிள்ளையின் இரத்தத்துக்கு வருகிற வைரசு மிக மிகக் கொஞ்சம். நுளம்புக்குத் தொற்ற அது போதாது. தப்பித் தவறி உள்ளே போனாலும் வலுக்குறைத்த வைரசு நுளம்புக்குள் சரியாகப் பெருகுவதில்லை. ஆனால் வயல்வெளியில் இருக்கிற உண்மையான வைரசு நன்றாகப் பெருகும். ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஊசியைப் போடுங்கள். இன்றைக்கே போட்டாலும் நல்லது."

துவாரகன் தனியாகக் கை தட்டினான். பதினொரு உத்தியோகத்தரும் பணிப்பாளரைப் பார்த்தார்கள். பதில் 'இல்லை' என்று ஆகிவிட்டால் அந்த நீளப் பலகையைக் கழற்ற எத்தனை பேர் வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

"மிக ஆழமான உரை," என்றார் கனகசுந்தரம். "ஆனால் 'இல்லை' என்ற பதில் இன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லாதபடியால், அதைத் தேநீருக்குப் பிறகு எடுத்துக்கொள்வோம்."

தேநீருக்குப் பிறகு குழுப்படம் எடுத்தார்கள். குழுப்படத்துக்குப் பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு நிரோஜினிக்குப் பஸ். கூட்ட அறிக்கையில் 'இல்லை என்ற கருத்து நன்றியுடன் கவனத்திற் கொள்ளப்பட்டு உபகுழுவுக்குப் பாரப்படுத்தப்பட்டது' என்று பதிந்தார்கள்.

கடைசியாகப் பணிப்பாளரின் தலைமையுரை. குளிர்ந்த நீர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"நுளம்பைப் பாருங்கள்! அது விடுமுறை கேட்கிறதா? வாகனம் கேட்கிறதா? எங்கள் அலகு ஒன்றரை வருடத்தில் இரண்டே இரண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. நுளம்பு போகாத வீடு இம்மாவட்டத்தில் உண்டா? நாங்கள் நாலேகாலுக்கு வீடு திரும்புகிறோம். அது ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறது. எங்களைவிடச் சிறப்பாக உழைக்கும் ஒன்றை மேற்பார்வை இல்லாமல் விடலாமா? விட்டால், பிறகு நாங்கள் எதற்கு என்று மக்கள் கேட்கமாட்டார்களா?"

கைதட்டல். அதில் அவர் கொஞ்சம் உயர எழும்பினார்.

"ஆகவே அறிவிக்கிறேன்! இன்று முதல், தடுப்பூசி தொடர்பான சகல சுற்றுநிருபங்களும், சகல விதிகளும், சகல நிரல்களும் எங்கள் உத்தியோகத்தர்களுக்கு எவ்வாறோ அவ்வாறே நுளம்புக்கும் பொருந்தும்! எந்த நுளம்பும் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல!"

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. உட்கார்ந்திருந்தவர் கமலாதேவி மிஸ் ஒருவர்தான். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

மழை தொடங்கியது. மூன்று நாள் விடாமல் ஊற்றி வயல் வெள்ளமாக நின்றது. அடுத்த கிளினிக் புதன் வந்தபோது பிரியதர்சினி யதுசிக்குச் சட்டை போட்டாள். துவாரகன் குடையை எடுத்தான். ஊசி இல்லை என்று தெரியும், நிறையாவது பார்க்கலாம். வாங்கில் இருக்கும்போது ஜெமீல் என்னவோ காதுக்குள் சொல்ல வந்தான். துவாரகன் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

மிஸ் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கடதாசி விரித்து, மேலே பேனையை வைத்திருந்தார்.

"தம்பி, உங்கட நுளம்பு போட்ட ஊசியின்ர தொகுதி இலக்கம் என்ன?"

"தெரியாது மிஸ்."

"காலாவதித் திகதி?"

"தெரியாது."

"ஊசியைக் குளிர்ப்பெட்டியில வைச்சுத்தான் கொண்டு வந்ததோ?"

"மிஸ், கும்பிட்டுக் கேக்கிறன்..."

"போட்டவர் பெயர், பதவி, கையொப்பம்?"

பிரியதர்சினியின் கண் நிரம்பிவிட்டது. மிஸ் முதலாவது கடதாசியைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் பிடித்த பழைய சுற்றுநிருபம். ஐந்தாம் பிரிவின் கீழ் அடிக்கோடு. 'தொகுதி இலக்கமும் போட்டவரின் கையொப்பமும் இல்லாத ஊசி, போடப்படாத ஊசியாகவே கருதப்படும். அத்தகைய பிள்ளைக்கு உரிய ஊசி அன்றைய தினமே போடப்படல் வேண்டும்.'

"இது எங்களுக்குத்தானே மிஸ். நுளம்புக்கு..."

மிஸ் இரண்டாவது கடதாசியைத் திருப்பினார். புத்தம் புதியது. பணிப்பாளர் கனகசுந்தரத்தின் மாநாட்டு அறிவிப்பு, அவருடைய பெரிய கையெழுத்தோடும் அதைவிடப் பெரிய முத்திரையோடும்.

"நுளம்புக்கும் பொருந்துமாம். ஐயாவே ஒப்பம் வைச்சிருக்கிறார்." அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். "பிள்ளையை இறுக்கிப் பிடியுங்கோ."

அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததுபோலத்தான் இருந்தது. நிரலில் பதியப்படாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

யதுசி வைத்த கத்தலுக்கு அப்ராவும் சேர்ந்து கத்தினாள். மிஸ் கொப்பியில் தொகுதி இலக்கம் எழுதி, திகதி எழுதி, கையொப்பம் வைத்துவிட்டு, "பெற்றோர் ஏதும் சொல்ல விரும்புகினமோ?" என்று பேனையோடு நிமிர்ந்தார். துவாரகன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான்.

படலைக்குள் வந்ததும் பிரியதர்சினி பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். "பிளேன்டிக்குச் சீனி எத்தினை கரண்டி? மறந்துபோச்சு," என்றாள்.

மூன்று கிழமை போயிருக்கும். தபால்காரர் நிப்றாஸ் சைக்கிளைச் சாத்திவிட்டுப் படலையில் கூப்பிட்டார். கையில் அலகிலிருந்து வந்த பதிவுத்தபால். முகவரியை அவரே இரண்டுதரம் வாசித்துப் பார்த்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. 'நுளம்பு, மேற்பார்த்து: திரு. துவாரகன், தம்பலகாமம்.' தொகுதி இலக்கமும் கையொப்பமும் இன்றி ஊசி போட்டமைக்கு விளக்கம் கோருவதாகக் கடிதத்தின் வெளியிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தார்கள்.

"பேருக்குரிய ஆள்தான் ஒப்பம் வைக்கோணும்," என்றார் நிப்றாஸ். "ஆள் வீட்டில இருக்கோ?"

குசினி வாசலில் பிரியதர்சினி கரண்டியோடு வந்து நின்றாள். வேலிக்கு அப்பால் ஜெமீலின் தலை எழும்பியது. துவாரகன் பல்லைக் கடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினான். முற்றத்தில் யதுசி தன் கையைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.

"இப்ப இல்லை," என்றான் துவாரகன். "ஆறு மணிக்குப் பிறகுதான் வருவார். குடும்பத்தோட."

நிப்றாஸ் காதில் செருகியிருந்த பேனையை எடுத்து, கடிதத்தின் முதுகில் அதை அப்படியே எழுதத் தொடங்கினார்.